வேட்டைக்காரன் ஓடத் தொடங்கும் கதை

களம், பாத்திரம், முரண், முன்குறிப்பு, முரண்நகை, நோக்குநிலை. சிறுகதையைப் பற்றிய எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இந்தப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் இருக்கும். மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அதற்கப்புறம் ஒரு கதையைக் கையில் எடுத்தால், இவை அதில் எங்கே இருக்கின்றன, என்ன வேலை செய்கின்றன என்று தெரியாமல் முழிப்போம். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு கதையை எடுத்து, அவசரப்படாமல் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்தக் கதையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ரிச்சர்ட் கானல் என்ற அமெரிக்கர் எழுதிய 'த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்'. 1924 ஜனவரியில் 'காலியர்ஸ்' வார இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் 2020 முதல் இதற்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். முடிவு உட்பட எல்லாவற்றையும் கீழே சொல்லப்போகிறேன். புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் முதலில் கதையை முடித்துவிட்டு வாருங்கள். ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

கதை இதுதான். ரெயின்ஸ்ஃபோர்டு பெயர் பெற்ற வேட்டைக்காரன். நண்பன் விட்னியோடு ஜாகுவார் வேட்டைக்காக அமேசான் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான். கரீபியன் கடலில் ஓர் இரவு படகிலிருந்து தவறி விழுகிறான். நீந்திக் கரையேறிய தீவில் ஜெனரல் ஸாரோஃப் என்ற ரஷ்யப் பிரபு மாளிகை கட்டி வாழ்கிறான். சிறுவயதிலிருந்து உலகம் முழுக்க வேட்டையாடி அவனுக்கு விலங்குகள் அலுத்துவிட்டன. யோசிக்கத் தெரிந்த இரை அவனுக்கு வேண்டும். அப்படி ஒரே ஒரு விலங்குதான் உண்டு. தீவருகே வரும் கப்பல்களைப் பொய் விளக்குகளால் பாறைமேல் மோதவைத்து, தப்பிக் கரையேறும் மாலுமிகளைக் காட்டில் ஓடவிட்டு வேட்டையாடுகிறான். இப்போது ரெயின்ஸ்ஃபோர்டின் முறை. மூன்றாம் நாள் நள்ளிரவு வரை பிடிபடாமல் இருந்தால் விடுதலை.

பதற்றம் எங்கிருந்து வருகிறது

மர்மம் இருந்தால் பதற்றம் வரும் என்று பலர் நினைக்கிறோம். அடுத்து என்ன என்று தெரியாமல் வைத்திருப்பதுதான் சஸ்பென்ஸ் என்று. இது பாதிதான் சரி. பக்கத்து அறையில் திடீரென்று ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தால் தூக்கிவாரிப் போடும். அது திடுக்கிடல். ஒரு நொடியில் முடிந்துவிடும். அடுப்பில் பால் ஏறிக்கொண்டே வருவதை, கைக்குத் துணி கிடைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதுதான் பதற்றம். என்ன நடக்கப்போகிறது என்று நன்றாகத் தெரியும். எந்த நொடியில் என்பது மட்டும் தெரியாது.

கானல் செய்வதும் இதைத்தான். கதையின் பாதிக்கு மேல் ஓட்டமே கிடையாது, பேச்சுதான். ஸாரோஃப் விருந்து மேசையில் உட்கார்ந்து விதிகளைப் பொறுமையாக விளக்குகிறான். ஓடுகிறவனுக்கு உணவும் ஒரு வேட்டைக் கத்தியும் கிடைக்கும். மூன்று மணி நேரம் முன்னால் கிளம்பலாம். துரத்துகிறவனிடம் மிகச் சிறிய குண்டு போடும் கைத்துப்பாக்கி மட்டும் இருக்கும். தென்கிழக்கு மூலையில் ஒரு சதுப்பு இருக்கிறது, புதைமணல், அங்கே போகாதே என்று அக்கறையாக எச்சரிக்கவும் செய்கிறான். இப்போது நமக்கு நேரத்தின் எல்லை தெரியும், இடத்தின் எல்லை தெரியும், இருவர் கையிலும் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். எதையும் மறைக்கவில்லை. மறைக்காததால்தான் ரெயின்ஸ்ஃபோர்டு காட்டுக்குள் காலடி வைத்ததும் நமக்கு மூச்சுத் திணறுகிறது. விதியே சொல்லாமல் துரத்தியிருந்தால் அது வெறும் ஓட்டமாகப் போயிருக்கும்.

சிறுகதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். தகவலைக் கொடுக்கக் கொடுக்கத்தான் பதற்றம் ஏறுகிறது.

இடமும் பொழுதும்

களம் என்றால் கதை நடக்கும் இடம், காலம் என்று பாடத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஏதோ நாடக மேடைக்குப் பின்னால் தொங்கும் திரை மாதிரி. தமிழ் படித்தவர்களுக்கு இதைவிட ஆழமான ஒரு பிடி ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. உணர்வு இன்ன நிலத்தில், இன்ன பொழுதில் வேர்கொள்ளும் என்பது அந்தப் பார்வை. கானலுக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லைதான். ஆனால் அவர் கதையைத் திறப்பதே நிலத்தையும் பொழுதையும் வைத்துத்தான். நிலா இல்லாத வெப்பமண்டல இரவு. ஈரமான கறுப்பு வெல்வெட் துணி போல இருட்டு படகை அழுத்துகிறது. எங்கோ வலப்பக்கம் ஒரு தீவு இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய கடல் வரைபடங்களில் அதன் பெயர் கப்பல்பொறித் தீவு. மாலுமிகளுக்கு அந்தப் பக்கம் வந்தாலே நடுக்கம்.

அப்புறம் அந்தக் கடலைக் கவனியுங்கள். ரெயின்ஸ்ஃபோர்டு விழும் தண்ணீர், ரத்தத்தின் சூட்டில் இருக்கிறது என்கிறார் ஆசிரியர். ஒரே சொல். இன்னும் யாரும் சாகவில்லை, துப்பாக்கி வைத்திருப்பவன் யார் என்றும் தெரியாது. ஆனால் நம் உடம்புக்குச் சேதி போய்விட்டது.

தீவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கதவை அடைக்கிறது. போலீஸ் வராது, பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது, நாலு பக்கமும் கடல். ஊருக்குள் நடந்தால் இந்தக் கதை ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. உயிர்பிழைக்கும் கதைகள் தீவையும் பனிவெளியையும் பாலைவனத்தையும் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான். உதவியின் வழி முதலிலேயே அடைபட வேண்டும்.

பட்டுச் சட்டைக்குள் இருப்பவன்

ஸாரோஃப் கொடூரமான முகத்தோடு வந்திருந்தால் கதை பாழாகியிருக்கும். அவன் மென்மையாகப் பேசுகிறான். பிரபுக்களுக்குத் தைக்கும் லண்டன் தையல்காரரிடம் தைத்த உடையைத் தருகிறான், நல்ல ஒயின் ஊற்றுகிறான். பனிச்சிறுத்தை வேட்டை பற்றி ரெயின்ஸ்ஃபோர்டு எழுதிய புத்தகத்தைப் படித்திருக்கிறான், பாராட்டுகிறான். தனிமையில், ரோமப் பேரரசரும் தத்துவஞானியுமான மார்க்கஸ் அரேலியஸைப் படிக்கிறவன். இவ்வளவு பண்பும் அந்த ஒரு செயலும் ஒரே ஆளுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் பயம்.

பாத்திரப் படைப்பில் ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்பதைவிட எதைச் செய்யவைக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஸாரோஃப் கறுப்பு சிகரெட் புகைக்கிறான். நுனியில் வெள்ளி நிறம். சாம்பிராணி போல ஒரு வாசனை. விருந்து மேசையில் இது அலங்காரமான ஒரு விவரமாகத்தான் தெரியும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ரெயின்ஸ்ஃபோர்டின் குணம் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. படகின் தளத்தில் விட்னி சொல்கிறான், வேட்டை நமக்குத்தான் விளையாட்டு, ஜாகுவாருக்கு இல்லை என்று. ஜாகுவார் என்ன நினைக்கிறது என்பதைப் பற்றி யாருக்கு என்ன கவலை என்கிறான் ரெயின்ஸ்ஃபோர்டு. அதற்குப் புரிதலே கிடையாதாம். குறைந்தது பயமாவது புரியும், வலியின் பயம், சாவின் பயம் என்கிறான் விட்னி. ரெயின்ஸ்ஃபோர்டு சிரிக்கிறான். உலகத்தில் இரண்டே வகைதான், வேட்டையாடுகிறவர்கள், வேட்டையாடப்படுகிறவர்கள். நல்லவேளை நாம் முதல் வகை.

என் பார்வையில் முழுக்கதையும் இந்த ஒரு உரையாடலில் இருந்துதான் முளைக்கிறது. களம், முரண், முன்குறிப்பு என்று நாம் பெயர் வைத்திருக்கும் எல்லாமும் இந்த மனிதனை அந்த ஜாகுவாரின் தோலுக்குள் கொண்டுபோய் வைக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

முரண், அதாவது யாருக்கும் யாருக்கும்

முரணை மூன்றாகப் பிரிப்பார்கள். மனிதனும் மனிதனும், மனிதனும் இயற்கையும், மனிதனும் தன் மனமும். இந்தக் கதையில் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஸாரோஃபோடு போர் வெளிப்படை. காடும் சதுப்பும் கடலும் அடுத்தது. மூன்றாவதுதான் நுட்பமானது. காட்டுக்குள் நுழைந்ததும் ரெயின்ஸ்ஃபோர்டு கண்மண் தெரியாமல் ஓடுகிறான், பிறகு தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறான். நடுக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருக்கிறான். பயத்தில் ஓடும் விலங்காக மாறினால் சாவு, யோசிக்கும் மனிதனாக இருந்தால் வாய்ப்பு உண்டு.

முதல் இரவில் நரியைப் போலத் தடத்தைச் சுற்றிச்சுற்றிப் பின்னிவிட்டு மரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறான். விடியும் நேரம் ஸாரோஃப் அந்த மரத்தடிக்கே வந்து நிற்கிறான். ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறான். சாம்பிராணி வாசனை மேலே ஏறி ரெயின்ஸ்ஃபோர்டின் மூக்கில் படுகிறது. பார்த்தீர்களா, அந்த விருந்து மேசை விவரம் இப்போது எப்படி வந்து நிற்கிறது என்று? ஸாரோஃபின் பார்வை மரத்தின் அடியிலிருந்து அங்குலம் அங்குலமாக மேலே வருகிறது. ஒளிந்திருக்கும் கிளைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. புன்னகைக்கிறான். புகையை வளையமாக ஊதிவிட்டுத் திரும்பி நடக்கிறான். அவனுக்குத் தெரியும். தெரிந்தே நாளைக்கு மிச்சம் வைக்கிறான். பூனை எலியோடு விளையாடுவது போல. பயம் என்றால் என்ன என்பது முழுசாக இங்கேதான் ரெயின்ஸ்ஃபோர்டுக்குப் புரிகிறது. மூன்றாம் நாள் நாய்களின் குரைப்பு நெருங்கும்போது, மூலையில் மடக்கப்பட்ட விலங்குக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. விட்னிக்கு அவன் சொன்ன பதில் அங்கே உடைகிறது. ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டக்கூட இல்லை.

அவன் வைக்கும் பொறிகளையும் பாருங்கள். முதலாவது, காய்ந்த மரம் மேலே சாயும்படி வைக்கும் மலாய் பொறி. ஸாரோஃபின் தோளில் அடிபடுகிறது. அடுத்தது சதுப்போரத்தில் தோண்டிய பர்மியப் புலிக்குழி, ஒரு நல்ல வேட்டை நாய் போகிறது. மூன்றாவது உகாண்டாவில் கற்றது, வளைத்துக் கட்டிய இளமரத்தில் கத்தி. ஸாரோஃபின் ராட்சச வேலைக்காரன் இவான் அதில் சாகிறான். புலிக்குழி தோண்டும்போது, பிரான்ஸில் உலகப் போரில் பதுங்குகுழி வெட்டிய ஞாபகம் அவனுக்கு வருகிறது. கதை வந்தபோது போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதனை மனிதன் வேட்டையாடுவதைப் பத்திரிகை வாசகர்களில் பலர் நேரிலேயே பார்த்திருந்தார்கள்.

மூன்று பொறிகளும் படிப்படியாகப் பெரிதாகின்றன என்பதைக் கவனித்தால் கதை ஏறும் விதம் தெரியும். காயம், நாயின் சாவு, மனிதனின் சாவு. வரிசையை மாற்றிப் பாருங்கள், கதை இறங்கிவிடும்.

முன்குறிப்பு, முரண்நகை

முன்குறிப்பு என்பது பின்னால் வரப்போவதன் நிழலை முன்னாலேயே விழவைப்பது. நல்ல முன்குறிப்பு முதல் வாசிப்பில் கண்ணில் படாது, இரண்டாம் வாசிப்பில்தான் கையைப் பிடித்து இழுக்கும். ரெயின்ஸ்ஃபோர்டு கடலில் நீந்தும்போது ஏதோ ஒரு பிராணி வேதனையில் அலறும் சத்தம் கேட்கிறது, அது எந்தப் பிராணி என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கரையேறிய பிறகு மிதிபட்ட புதரும் ரத்தமும் பார்க்கிறான். பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டா உறை. இவ்வளவு பெரிய மிருகத்தை இவ்வளவு சின்னத் துப்பாக்கியால் சுட யாருக்குத் தைரியம் வந்தது என்று ஒரு வேட்டைக்காரனாக வியக்கிறான். தடயம் எல்லாம் கையில் இருக்கிறது. அந்த மிருகம் மனிதனாக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவனுக்கு வரவில்லை. வாசகருக்குச் சந்தேகம் தட்டிவிடும். நினைப்பதும் நடப்பதும் எதிரெதிராக நிற்பதுதான் முரண்நகை. பாத்திரத்துக்குத் தெரியாததை வாசகர் ஊகித்துவிடும் இந்த இடைவெளி அதில் ஒரு வகை.

இன்னொரு வகை நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. வேட்டைக்காரன் இரையாவது. நல்லவேளை நாம் வேட்டையாடும் வகை என்று சொல்லிச் சில நிமிடங்களில் கடலில் விழுகிறவன் அவன்.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் விளையாட்டும் ஆகும், வேட்டையாடப்படும் விலங்கும் ஆகும். ஆபத்தான விளையாட்டு, ஆபத்தான இரை இரண்டும் அந்தத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தமிழில் கொண்டுவருவது கஷ்டம். 'இன்னிக்கு நல்ல வேட்டை' என்று சொல்லும்போது செயலையும் கிடைத்ததையும் சேர்த்தே சொல்கிறோம், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாமோ என்று எனக்கு ஓர் ஆசை. ஆனால் விளையாட்டு என்ற பொருள் அதில் நழுவிவிடுகிறது.

யார் கண்ணால் பார்க்கிறோம்

கதை படர்க்கையில், 'அவன்' என்று சொல்லப்படுகிறது. ஆனால் கேமரா ஏறக்குறைய முழுக்க ரெயின்ஸ்ஃபோர்டின் தோளில்தான் இருக்கிறது. அவனுக்குக் கேட்பதுதான் நமக்கும் கேட்கும். மரத்தின் மேல் அவனோடு நாமும் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பது இதனால்தான்.

கடைசியில் இது மாறுகிறது. நாய்கள் நெருங்க, பாறை உச்சியிலிருந்து ரெயின்ஸ்ஃபோர்டு கடலில் குதிக்கிறான். கேமரா அவனோடு குதிக்கவில்லை. ஸாரோஃபோடு கரையிலேயே நின்றுவிடுகிறது. அவனோடு வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், இவானுக்கு மாற்று ஆள் தேட வேண்டுமே என்ற அலுப்பில் பங்குகொள்கிறோம். படுக்கையறைக்குள் போய் அவன் தாழிடுகிறான். விளக்கைப் போடுகிறான். கட்டிலின் திரைக்குப் பின்னால் ரெயின்ஸ்ஃபோர்டு நிற்கிறான். கதை முழுக்கத் தகவலைக் கொடுத்துப் பதற்றம் வளர்த்தவர், இந்த ஒரே இடத்தில் தகவலைப் பிடித்துவைத்துத் திடுக்கிடவைக்கிறார். நோக்குநிலையை மாற்றாமல் இதைச் செய்திருக்கவே முடியாது.

உட்கருத்து

நான் 'கருப்பொருள்' என்று எழுதவில்லை. விமர்சனத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டும் குழம்பும்.

கதையின் உட்கருத்து என்ன? வேட்டை கொடுமை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் கதை அதைவிடக் கூர்மையானது. யாருக்கு வலிக்கும் என்று ஒத்துக்கொள்கிறோம், யாருக்கு வலிக்காது என்று வசதியாக முடிவுசெய்துவிடுகிறோம் என்பதுதான் அதன் கேள்வி. ரெயின்ஸ்ஃபோர்டு அந்தக் கோட்டை ஜாகுவாருக்கு முன்னால் போட்டான். ஸாரோஃப் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப்போடுகிறான், அவ்வளவுதான். தான் வேட்டையாடுவது யாரை என்று அவன் பட்டியல் போடும்போது முதலில் வரும் சொல் 'லஸ்கர்'. ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியத் துணைக்கண்டத்து மாலுமிகளுக்கும் அந்தப் பக்கத்துக் கடலோடிகளுக்கும் அன்றைய பெயர் அது. அப்புறம் கறுப்பர், சீனர், வெள்ளையர் என்று போகிறது. நல்ல சாதிக் குதிரையோ நாயோ இப்படிப்பட்ட இருபது பேருக்கு மேல் மதிப்புள்ளது என்கிறான். இதை நம்மூர் வாசகர் வேகமாகக் கடந்து போக முடியாது. அந்த லஸ்கர் நாகூரிலிருந்து போனவராகவும் இருந்திருக்கலாம்.

இங்கே நின்று அந்த மூன்று பொறிகளைத் திரும்பப் பார்த்தால் வேறு ஏதோ தெரிகிறது. மலாய், பர்மா, உகாண்டா. ஸாரோஃப் மதிக்காத அதே வகை மக்களின் அறிவுதான் ரெயின்ஸ்ஃபோர்டின் உயிரைக் காப்பாற்றுகிறது. கானல் இதைத் திட்டமிட்டு வைத்தாரா என்று சொல்ல முடியாது. கதைக்குள் இருக்கிறது, அது போதும்.

முடிவுக்கு வருகிறேன். படுக்கையறையில் இருவரும் மோதப்போகிறார்கள். தோற்றவன் நாய்களுக்கு, ஜெயித்தவன் இந்த அருமையான கட்டிலில் தூங்குவான் என்கிறான் ஸாரோஃப். சண்டையை ஆசிரியர் காட்டவே இல்லை. அடுத்த வரியே கடைசி வரி. இவ்வளவு நல்ல கட்டிலில் தான் தூங்கியதே இல்லை என்று ரெயின்ஸ்ஃபோர்டு நினைக்கிறான். எழுபது பக்கச் சண்டையைவிடக் கனமான ஒரு வரி. அவன் மாறிவிட்டானா, அல்லது இன்னொரு ஸாரோஃப் ஆகிவிட்டானா என்று வகுப்பறைகளில் இதை வைத்து விவாதிப்பார்கள்.

எனக்கு அந்தக் கட்டிலில் அப்படி நிம்மதி வருவதில்லை. விருந்து மேசையில் ஸாரோஃப் இன்னொரு விஷயமும் சொல்லியிருந்தான். பாறையில் மோதிய ஒரு ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள், ஒரு டஜன் பேர் இருக்கும், கீழே நிலவறையில் அடைபட்டிருக்கிறார்கள். வேட்டைக்குத் தயார் செய்யப்படுகிறார்கள். ரெயின்ஸ்ஃபோர்டின் ஓட்டம் தொடங்கிய பிறகு கதை அவர்களைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ரெயின்ஸ்ஃபோர்டு மேலே நன்றாகத் தூங்குகிறான். நிலவறைக் கதவை யாராவது திறந்தார்களா என்று ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரிக்கு அப்பால் தேடுகிறேன்.